பொருட்காட்சியில் எங்கள் கடா

பொருட்காட்சி திறந்த அன்று போனவர்கள் மூன்று பேர்: நைனா, மாமா, நான். எங்களோடு கடாவும் வந்தது. அம்மா வர மறுத்துவிட்டாள். அண்ணனுக்குத் துறைமுகத்தில் பகல் வேலை.

அம்மா மறுத்ததற்குக் காரணம் உண்டு. ஞாயிறுதோறும் ராயபுரம் கடற்கரை மணலில் கடா முட்டு நடக்கும். பந்தயம் கட்டுவார்கள். ஆடுகள் ஓய்ந்ததும் ஆட்கள் மோதிக்கொள்வார்கள். அந்த வருஷத்தில் மட்டும் நைனா இரண்டு முறை மண்டை உடைந்து வந்தார். ஒரு முறை லாக்கப்பிலிருந்து நான்தான் அழைத்து வந்தேன்.

எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. டோல்கேட் பக்கம் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸில், சர்க்கார் பொருட்காட்சியில் சிறந்த கடாவுக்கு வெள்ளைக்காரத் துரை கையால் மெடல் கொடுப்பார்கள் என்று படித்தேன். ஓடிப்போய் நைனாவிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் கடாவின் பிடரியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தொரை கையால மெடல் குடுத்துட்டா, அப்பால இத்த மணல்ல எறக்க மாட்டேன்டா. உங்கம்மா மேல ஆணை" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுத்தேன்.

டிராமில் ஆட்டை ஏற்ற மாட்டார்கள். விடியற்காலையில் கிளம்பி, மூர் மார்க்கெட்டுக்குப் பின்னாலிருந்த மைதானத்துக்கு நடந்தே போனோம். மூங்கில் தட்டியால் தடுத்த கொட்டில்கள். எங்களுக்கு அடுத்த கொட்டிலில் ஒரு ஜமீன் வீட்டுக் கடா நின்றது. வெள்ளை வெளேரென்று, கொழுகொழுவென்று, கழுத்தில் பட்டுக் கயிற்றோடு. அதற்கு ஒரு மீசைக்காரர் சீப்பால் மயிர் வாரிக்கொண்டிருந்தார்.

"இன்னாபா, பொண்ணு பாக்கவா இட்டுகினு வந்துகீறே?" என்றார் மாமா.

"உங்களுது மட்டும் என்னவாம்? மூட்டை தூக்குற ஆளாட்டம் நிக்குது."

"தூக்கும்பா. உன்னியும் சேத்துத் தூக்கும்."

மீசைக்காரரும் சிரித்தார். அப்போது அவரும் நல்லவராகத்தான் இருந்தார்.

கால்நடை டாக்டர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் கடாவின் நெஞ்சை அமுக்கிப் பார்த்தார். கொம்பிலிருந்த கீறலில் விரலை வைத்து, "சண்டைக்கு விடறதா?" என்று கேட்டார்.

"இல்லைங்க சார், ஆசைக்கு வளக்கறது" என்றேன். அவ்வளவு கூசாமல் அதற்குமுன் நான் பொய் சொன்னதில்லை. அவர் குமாஸ்தாவிடம், "இதையும் கடைசி மூணுல எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். நைனா என் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார்.

கடாவை மாமா பழக்கிய விதம் இது: தினமும் காலையில் மணலில் நின்று மண்ணெண்ணெய் டின்னை மூன்று தட்டுத் தட்டுவார். மூன்றாவது தட்டுக்குக் கடா பாய வேண்டும். பாய்ந்தால் ஒரு பிடி கடலை. நாலு வருஷப் பழக்கம். துரை வந்தால் பாண்டு வாசிப்பார்கள் என்பது எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

துரை வண்டியைவிட்டு இறங்கினார். பெரிய டிரம்மில் முதல் அடி விழுந்தது. கடா காதை நிமிர்த்தியது. இரண்டாவது அடிக்குப் பின்னங்கால்கள் மண்ணைப் பறித்தன. மூன்றாவதில், அதைக் கட்டியிருந்த இரும்பு முளை பிடுங்கிக்கொண்டு வந்தது, தட்டி கிழிந்தது.

ஜமீன் கடாவுக்கு நெற்றியைக் கொடுக்கத் தெரியவில்லை. என்ன சத்தமென்று தலையைத் திருப்பியது. அடி கழுத்தில் விழுந்தது. விறகு பிளக்கும் சத்தம் கேட்டது. முன்கால்கள் மடங்கி விழுந்தது. எங்கள் கடா மறுபடியும் மோதப் பின்வாங்கியது.

கயிறு நைனாவின் காலடியில்தான் கிடந்தது. மிதித்திருந்தால் போதும். அவரோ மணலில் கத்துவதுபோல, "வுடாதே! போடு!" என்று கத்தினார்.

இரண்டாவது அடியோடு அது முடிந்தது. வெள்ளைக் கடாவின் மூக்கிலிருந்து இரத்தம் வைக்கோலில் வழிந்தது.

மீசைக்காரர் தடியை எடுத்து முதலில் கடாவின் முதுகில் போட்டார். பிறகு நைனாவின் முகத்தில். ஜமீன் ஆட்கள் இன்னும் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். மாமா ஒருவன் தலைமயிரைப் பிடித்து மூங்கில் கம்பத்தில் மோதினார். கீழே விழுந்த நைனாவை மீசைக்காரர் விடாமல் அடித்தார். பிடுங்கிய இரும்பு முளை என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேனோ தெரியாது. அவர் தோளில் ஒன்று வைத்தேன். திரும்பினார். வாயில் ஒன்று வைத்தேன். பல் தெறித்து அவர் விழுந்தார். நைனாவைக் காப்பாற்ற அது போதும். விழுந்தவரை மூன்றாவது முறையும் அடித்தேன். போலீஸ்காரன் என் கையை முறுக்கியபோதும் பாண்டு நிற்கவில்லை.

லாக்கப்பில் நைனாவுக்கு ஒரு கண் மூடியிருந்தது. "பாத்தியாடா? பத்தடி பின்னால போய் வந்துச்சி" என்றார். என் சட்டைக் கையில் மீசைக்காரரின் இரத்தம் காய்ந்திருந்தது. நைனாவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

கோர்ட்டில் அபராதமும் நஷ்டஈடும் போட்டார்கள். அதைக் கட்டக் கடாவை விற்க நைனா சம்மதிக்கவில்லை. மாஜிஸ்திரேட்டுக்குத் தவணை கேட்டு மனு எழுதச் சொன்னார். நான் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தபோதே அம்மா கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கசாப்புக்கடைக்கு நடந்தாள். நைனா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்தார்.

ஜமீன் கடாவுக்கு எண்பது ரூபாய், எங்கள் மூவருக்கும் சேர்த்து அபராதம் நாற்பத்தைந்து, மீசைக்காரரின் வாய் வைத்தியத்துக்குப் பன்னிரண்டு. கசாப்புக்கடையில் கிடைத்த பதினாலு போக, பாக்கி நூற்று இருபத்து மூன்று ரூபாய்.