மகளின் இரத்தப் பெறுபேறு

மாலை நாலு பத்துக்கு மகளின் இரத்தப் பரிசோதனை அறிக்கை என் கைபேசிக்கு வந்தது. அதை வாசிக்காமலேயே கலகெதரவிலுள்ள மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினேன். சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடங்களிலும் ஏ எடுத்தவள் அவள். அவளுடைய பெறுபேறு எதுவானாலும் முதலில் ஊருக்கு அனுப்பிவிட்டுப் பிறகு வாசிப்பதுதான் ஆசிரியனான என் வழக்கம்.

ஜாதகம் பொருந்தியதும் இரத்தத்தையும் பார்த்துவிடலாம் என்றவர்கள் அவர்கள்தான். பரிசோதனை நிலையங்களில் அதற்கென்றே ‘கல்யாணப் பெக்கேஜ்’ இருக்கிறது. சின்னது, பெரியது என்று இரண்டு. என் மகளுக்குச் சின்னதா? பெரியதையே எடுத்தேன்.

வாசித்தபோது, ‘ஹெர்பீஸ்’ என்பதற்கு எதிரே ‘நிச்சயமில்லை’ என்றிருந்தது. கைபேசியில் இரண்டு நீல டிக்குகள் விழுந்தன. மாப்பிள்ளை வீடும் வாசித்துவிட்டது.

அந்தச் சொல்லை இணையத்தில் தேடினேன். எவரும் செய்யக்கூடாத வேலை அது; ‘உடலுறவால் பரவும் கிருமி’ என்பதுதான் முதலில் வந்தது. இரவுச் சாப்பாட்டுக்குள் நான் அவள் படித்த பேராதனைப் பல்கலைக்கழக விடுதியை, வங்கியில் அவளோடு வேலை செய்யும் பையன்களை, பஸ் நிலையக் கழிப்பறையை எல்லாம் சந்தேகித்து முடித்திருந்தேன். மனைவி சந்தேகித்தது என்னை.

“வருசத்துக்கு ரெண்டு தடவ ட்ரெய்னிங்னு கொழும்புக்குப் போறீங்களே, அங்கருந்து என்னத்தக் கொண்டாந்தீங்க?”

“ட்ரெய்னிங் பாடத்திட்டத்துக்குடி!”

மகள் தன் டம்ளர் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தாள். “பேசாம அதுல என் பேர எழுதிருங்கப்பா. விருந்தாளிக்கு மாறிப் போயிரும்” என்று சிரித்தாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். நெடுநேரம் தண்ணீர் ஓடியது. அவளுக்கு அந்த மாப்பிள்ளைப் பையனைப் பிடித்திருந்தது. அந்தத் தண்ணீர்ச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

மறுநாள் அவளைக் கண்டி நகரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனோம். வடக்குப் பக்கத்துப் பெண்மணி.

“இந்த டெஸ்ட் ஆர் எழுதித் தந்தது?”

“மாப்பிள்ளை வீட்டார் கேட்டாங்க.”

“ஓ, அவை எந்த மெடிக்கல் ஃபெகல்டி?”

மகள் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஐயா, இது கிருமியைத் தேடுற டெஸ்ட் இல்லை. அதுக்கு எதிரா உடம்பு எதிர்ப்புப் பொருள் ஏதும் உண்டாக்கினதோ எண்டு பாக்கிறது. இவவுக்கு அளவு எல்லையில நிக்குது, பிழையாவும் இருக்கலாம். தேவையெண்டா கொஞ்ச வாரம் கழிச்சு திரும்பப் பாப்பம். ஒரு குணங்குறியும் இல்லாத பிள்ளைக்கு இதைச் செய்யவே தேவையில்லை.”

“யார்கிட்ட இருந்து வந்திருக்கும் டாக்டர்?”

“வந்ததெண்டே தெரியாது, அதுக்குள்ள ஆளைப் பிடிக்கிறியளே! ஆரிட்ட இருந்து, எப்பவெண்டு ரத்தம் சொல்லாது. இது முதலாம் வகை, கூடுதலா வாயில கொப்புளம் போடுறது. கனபேருக்குச் சின்ன வயசிலயே வந்திடும். உதட்டில கொப்புளத்தோட ஆரும் சொந்தக்காரர் முத்தம் கொஞ்சியிருந்தாலே போதும்.”

மஹய்யாவவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நானும் மனைவியும் எங்கள் சொந்தக்காரர்களின் உதடுகளை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திக்கொண்டு வந்தோம். “இன்னும் விடலயா?” என்றாள் மகள். டம்ளர் மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பியது.

இப்போது என் மருமகனாக இருப்பவர் அந்த வாரம் முழுக்க வாய் திறக்கவில்லை. ஞாயிறு காலை அவருடைய அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தார். கதிரையில் உட்கார்ந்ததும் தொடங்கினார்.

“கோவிச்சுக்காதீங்க சம்பந்தி. எங்க பரம்பரையில அந்த மாதிரி வியாதி ஒண்ணும் வந்ததில்ல. அதான் பயந்துட்டோம்.”

“வாயில என்னங்க அண்ணி?” என்றாள் என் மனைவி.

தலைப்பு விலகியது. உதட்டோரம் பொடிப்பொடியாக நீர்க்கொப்புளங்கள்.

“இதுவா? தூங்கயில பல்லி மூத்திரம் பேஞ்சிருச்சு. எனக்கு வருசா வருசம் இப்படித்தான். மகனுக்கும் சின்னதுலருந்து அதே எடத்துலதான் பேயுது.”