குமிழி நின்ற பிறகு

எனக்குக் காத்திருக்க வராது. சிக்னலில் பச்சை விழுவதற்குள் கால் துடிக்கும். குக்கரில் ஆவி அடங்குவதற்குள் கை மூடிக்குப் போய்விடும். அப்படிப்பட்டவள் அமெரிக்காவில், எங்கள் காப்பெல் ஊர் வீட்டில் பீர் காய்ச்ச உட்கார்ந்ததை என் வீட்டுக்காரர் இன்னும் நம்பவில்லை. காய்ச்சுவது ஒரு மதிய வேலை. மிச்சமெல்லாம் காத்திருப்பு.

முளைகட்டிய பார்லியின் மால்ட் சாற்றில் ஈஸ்ட்டைத் தூவி, வெள்ளை வாளியில் ஊற்றி மூடிவிட வேண்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன, மூடியில் செருகிய குழாயில் குமிழி குமிழியாய்க் காற்று வெளியேறும். தின்று முடித்ததும், அடியில் படிந்த மண்டியை விட்டுவிட்டு மேலே இருப்பதை மட்டும் கண்ணாடி ஜாடிக்கு மாற்ற வேண்டும். எப்போது மாற்றுவது? பீரின் தலையெழுத்தே அந்த ஒரு கேள்வியில்தான்.

கிறிஸ்துமஸ் பீரைக் குமிழி நின்ற அன்றே மாற்றினேன். மாற்றச் சொன்னவர் என் வீட்டுக்காரரின் நண்பர். எங்கள் தெருதான், நான் அண்ணா என்று கூப்பிடுவேன். பீர் என்றால் எல்லாம் தெரியும் அவருக்கு. வேலை முடியாத ஈஸ்ட் வாளியின் அடியிலேயே தங்கிவிட, சர்க்கரை பாதி அப்படியே நின்றுவிட்டது. கூடம் நிறைய ஆட்கள் இருக்க, ஒரு வாய் குடித்துவிட்டு அதே அண்ணா கேட்டார்: "நல்லா இருக்கும்மா. இருமலுக்கு எத்தனை ஸ்பூன்?"

கூடமே சிரித்த அந்தச் சிரிப்பு பாத்திரம் கழுவும்போதும் கேட்டது, கார் ஓட்டும்போதும் கேட்டது. அதனால்தான் ஈஸ்டர் விருந்துக்கு மாம்பழ பீர் என்று எல்லோர் முன்னாலும் அறிவித்தேன். தவக்காலம் முழுக்க அண்ணா பீரைத் தொடமாட்டார். நோன்பு முடிந்து அவர் நாக்கில் படும் முதல் பீர் என்னுடையது. அதில் அவர் வாய் அடைக்க வேண்டும்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன்பே காய்ச்சி, வாளியைக் கராஜில் வைத்தேன். வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கியது. குழாய் உறைந்துவிடுமோ என்று தெருவே தண்ணீரைச் சொட்டவிட்டுத் தூங்கியது. வாளியில் குமிழி நின்றது.

ஞாயிறு பூசை முடிந்து அண்ணாவும் அண்ணியும் காபிக்கு வந்தார்கள். அண்ணா கராஜுக்கே வந்து மூடிமேல் மூக்கை வைத்தார்.

"முடிஞ்சுதும்மா. டிரான்ஸ்ஃபர் பண்ணிடு."

"டேஸ்ட் பாத்துட்டுச் சொல்லுடா," என்றார் என் வீட்டுக்காரர்.

"லென்ட் நோன்புடா. மோந்துதான் பாக்க முடியும்."

"மோந்து பாத்தே தீர்ப்பு சொல்றாரு பாரு," என்றார் அண்ணி.

அவர்கள் போனதும் என் கை பீரை மாற்றும் குழாயைத்தான் எடுத்தது. எடுத்த கையைப் பிடித்து நிறுத்தினேன். ஒரு டம்ளர் பீரை மொண்டு, அதில் கண்ணாடி மிதவையை விட்டேன். சர்க்கரை மிகுந்தால் அது உயர நிற்கும், குறையக் குறைய அமிழும். மிதவை நெஞ்சை நிமிர்த்தி நின்றது. ஈஸ்ட் முடிக்கவில்லை. குளிரில் தூங்கிவிட்டது.

தூங்குவதை எழுப்ப எனக்குத் தெரியாதா? பனிக்காலத்தில் இட்லி மாவை ஓவனுக்குள் வைத்து, விளக்கைப் போட்டுப் பொங்கவைக்கிறவர்கள்தானே நாங்கள். வாளி ஓவனுக்குள் நுழையாது. ஆனால் துணி உலர்த்தும் ட்ரையர் ஓடும் அறை இருக்கிறதே, கதவைச் சாத்தினால் சித்திரை மாதம். வாளியை அங்கே தூக்கிவந்து மெல்ல அசைத்துக் கொடுத்தேன். பிறகு, ட்ரையர் ஓடிக்கொண்டே இருக்கத் துவைத்தேன். போர்வை, திரைச்சீலை, விருந்தாளி யாருமே படுக்காத அறையின் விரிப்பு. மகளின் ஜீன்ஸ் மூன்றாம் முறையாக உள்ளே போனபோது அவள் வாசலில் நின்றாள்.

"அம்மா, இட்ஸ் ஆல்ரெடி க்ளீன்."

"இருக்கட்டும்டி, இன்னும் க்ளீன் ஆகட்டும்."

"வீட்ல எதாவது கல்யாணமா?" என்று உள்ளிருந்து கேட்டார் வீட்டுக்காரர்.

துணி மடித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு சத்தம். க்ளுக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. பிறகு நிற்கவே இல்லை. கையில் இருந்த தலையணை உறையோடு தரையில் உட்கார்ந்து, மழைச் சத்தத்தைக் கேட்பதுபோல் அதைக் கேட்டேன்.

குமிழி மறுபடி நின்றது. இந்த முறை நான் அசையவில்லை. மிதவையை விட்டுப் பார்த்தேன், நன்றாகவே அமிழ்ந்திருந்தது. இரண்டு நாள் பொறுத்து மறுபடி பார்த்தேன், அதே கோடு. இன்னும் இரண்டு நாள். அதே கோடு. கால் துடித்தது, கை துடித்தது, மிதவை மட்டும் துடிக்கவில்லை. இனித் தின்ன எதுவும் மிச்சமில்லை.

அன்று மாற்றினேன். சலசலத்தால் காற்றுப் பட்டுக் கெட்டுவிடும் என்பதால் குழாயின் நுனியை ஜாடியின் அடிவரை இறக்கினேன். சத்தமில்லாமல் ஏறியது பொன். அதன்மேல் இந்தியக் கடையில் வாங்கிய மாம்பழக் கூழ். பழத்தின் இனிப்பையும் ஈஸ்ட் தின்று முடிக்கும்வரை, அதே மிதவை, அதே பொறுமை. அப்புறம்தான் பாட்டில்.

ஈஸ்டர் மதியம். பிரியாணி தம்மில் இருந்தது. அண்ணா பாட்டிலைத் திறந்தார். நுரை எழுந்து கூடத்தில் மாம்பழம் மணத்தது. குடித்தார். இன்னொரு வாய். பிறகு காலி கிளாஸை என் பக்கம் நீட்டினார்.

"இருமலா அண்ணா?"

கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார். கிளாஸை மட்டும் கீழே இறக்கவில்லை.

"கிண்டல் பண்ணாதம்மா. சூப்பரா இருக்கு. நானும் ஒண்ணு போடலாம்னு பாக்கறேன். எப்ப மாத்தணும்னு எப்படிக் கண்டுபிடிச்ச?"

நிதானமாக, விளிம்புவரை ஊற்றினேன்.

"மொதல்ல வீட்ல இருக்கற துணியெல்லாம் தொவைங்கண்ணா. அப்புறம் சொல்றேன்."

"இவரா?" என்றார் அண்ணி. "ட்ரையர் எந்த ரூம்ல இருக்குன்னு கேளு மொதல்ல."