பெரட்டுக் களத்துக்கு ஒரு பலகை

பாடாங் மேஹா பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தைப் 'பாரம்பரியப் பூங்கா' ஆக்குகிறோம் என்று ஒரு நிறுவனம் கிளம்பியது. துரை பங்களாவுக்குப் புதுக் கூரை, புது வெள்ளை. நாங்கள் குடியிருந்த லயத்தை இடித்துக் கார் நிறுத்த இடம். இதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

பலகைகளைத் தமிழாக்கும் வேலை எனக்கு வந்தது. பெரட்டுக் களத்துக்கான ஆங்கில வரியைப் பார்த்ததும் கடுப்பாகிவிட்டது: 'தொழிலாளர்கள் காலையில் மகிழ்ச்சியாகக் கூடி உடற்பயிற்சி செய்த திடல்.'

பாக்கார் ஆராங்கில் இப்போது நாங்கள் இருக்கும் வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"எக்ஸர்சைஸா? பெரட்டுன்னா இருட்டுல வரிசையா நிக்க வச்சு மண்டோர் பேரு கூப்பிடுவான். உன்ன ஆயாக் கொட்டாயில விட்டுட்டு ஓடி வர்றதுக்குள்ள என் பேரு தாண்டிப் போயிருக்கும். போ வீட்டுக்குன்னுடுவான், அன்னிக்கு வேல கெடையாது. அந்த ஓட்டத்தத்தான் சொல்றானுங்களோ?"

அதை அப்படியே எழுதி அனுப்பினேன். திட்ட அதிகாரி தமிழர்தான். ஆனால் மலாய்ப் பள்ளியில் படித்தவர், தமிழ் வாசிக்கத் தெரியாது.

"தங்கச்சி, இங்கிலீஷ் ஒரு வரி. தமிழ் மட்டும் ஏன் இவ்ளோ நீளம்?"

"தமிழ் அப்படித்தாண்ணே, நீட்டி முழக்கும்."

"ஓகேலா, போட்டுருவோம்."

போட்டார்கள். பூங்கா திறந்த வாரம் அம்மாவோடு போனேன். அம்மா தமிழை எழுத்துக்கூட்டி வாசித்தார். பக்கத்தில் ஒரு கல்லூரிக் கூட்டம் ஆங்கிலத்தை வாசித்துவிட்டு, கைகளைத் தூக்கி உடற்பயிற்சி செய்வதுபோல் படம் எடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. தமிழில் எழுதி என்ன கிழித்தேன்? ஏற்கெனவே தெரிந்தவர்கள்தான் அதை வாசிக்கிறார்கள்.

பலகை முன்னால் போய் நின்று, தமிழில் இருந்ததைச் சத்தமாக மலாயில் சொன்னேன். தூக்கிய கைகள் இறங்கின. அதிகாரி ஓடி வந்தார்.

"ஏய், இதையா எழுதி வச்ச? மேல உள்ளவங்க பாத்தா என் வேல போயிரும்!"

"ஒரு நாள் வேல போனா எப்படி இருக்கும்னு எங்கம்மாகிட்ட கேளுங்கண்ணே."

"வாய மூடுடி," என்றார் அம்மா. பிறகு அந்தப் பிள்ளைகள் பக்கம் திரும்பி, மண்டோர் நின்ற இடத்தையும் தான் ஓடிவந்த பக்கத்தையும் மலாயில் சொல்லிக் காட்ட ஆரம்பித்தார்.

மறுவாரம் தமிழ் வரிகள்மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். ஆங்கிலத்தில் மகிழ்ச்சியும் உடற்பயிற்சியும் அப்படியே இருக்கின்றன. தமிழை ஆங்கிலம்போல ஒரே வரியில் மாற்றித் தரச் சொல்லி எனக்கே போன் செய்தார் அதிகாரி.

"முடியாதுண்ணே. மொதல்ல இங்கிலீஷ மாத்துங்க, அப்புறம் பேசுவோம்," என்று வைத்துவிட்டேன்.