கண்ணையா கண்ட அசல்

ராஸ் தீவு கிளப்பில் வெள்ளைக்காரர்கள் நடித்த கொலை நாடகத்தைப் பார்த்தவர் எதிர்க்கரை அபர்டீன் பஜாரிலேயே கண்ணையா ஒருவர்தான். இடைவேளையில் டீ கொடுத்துவிட்டுக் கடைசி போட்டில் வீடு திரும்பியவர் அவர். அறுபத்தொன்றில் அதே நாடகம் தமிழில் மேடையேறியபோது, ஒப்பிட்டுச் சொல்ல அவருக்கு முன்வரிசை நாற்காலி போட்டார்கள்.

பாதிவரை தலையாட்டியவர் பிறகு முகம் சுளித்தார். “இதெல்லாம் அசல்ல கிடையாது. நீங்களா ஒட்டுப் போட்டது.”

வசனம் எழுதிய சொக்கலிங்கத்துக்குச் சுருக்கென்றது. “அப்ப அசல்ல கொலைகாரன் யாருண்ணே? சொல்லலேன்னா நாளைக்கு நாற்காலி கிடையாது.”

கண்ணையா அசரவில்லை. “அரே பாய், வெள்ளைக்காரன் அதையெல்லாம் விசாரிக்க மாட்டான். பொணம் விழுந்ததும் டீ குடிக்க எழுந்துடுவான். அதோட சரி.”

மறுநாள் நாடகம் பிணத்தோடு முடிந்தது. சபையோர் அனைவருக்கும் டீ வழங்கப்பட்டது. முதல் கோப்பை முன்வரிசைக்குப் போனது.