பக்கவாட்டில் மாட்டிய தகடு

த்ரீ-டி சினிமாக் கண்ணாடிக்குப் படலம் செய்யும் தொழிற்சாலை அது. அங்கே சோதனை அறைக்காரிக்குப் பட்டப்பெயர் 'கழுகுக்கண்ணி'. படலத்தைத் தாண்டி வரும் ஒளி வலமாகச் சுழல்கிறதா, இடமாகவா என்று கருவியில் பார்த்து முத்திரை குத்த வேண்டும். வலக் கண்ணுக்கு ஒன்று, இடக் கண்ணுக்கு ஒன்று. வலமென்றால் கருவியில் வெளிச்சம் தெரியும், இடமென்றால் இருட்டு. அக்கா புருஷனையும் அவளே சிபாரிசு செய்து அந்த வேலையில் சேர்த்துவிட்டிருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை, கருவிக்குள் இருக்கும் தகட்டைத் துடைத்து மாட்டினாள். விளிம்பிலுள்ள மைக்கோடு மேலே நிற்க வேண்டும்; பக்கவாட்டில் வைத்துவிட்டாள். அவ்வளவுதான், வலம் இடமாகும், இடம் வலமாகும்! அன்று முழுக்க அதில் பார்த்தவர் அத்தான். மறுநாள்தான் கோடு பக்கவாட்டில் நிற்பதைக் கண்டாள். சத்தமில்லாமல் தகட்டை நேராக்கினாள். சரக்கு கிளம்பிவிட்டது என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை, மகராசி.

சரக்கு திரும்பி வந்தது. படத்தில் முன்னால் வர வேண்டியதெல்லாம் பின்னால் போகிறதாம். மேலாளர் அதே கருவியில் மறுபடி பார்த்தார். கருவி சரியாகத்தான் காட்டியது. பிறகென்ன, பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"இருட்டையும் வெளிச்சத்தையுமே மாத்திப் பாத்திருக்கேன் சார். என் கண்ணு போயிடுச்சு" என்று அத்தானே சொல்லி வேலையை விட்டார்.

நாலு நாள் வருத்தப்பட்டுவிட்டு மறந்துவிடுவார் என்று இவள் நினைத்திருந்தாள். ஒரு மாதம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனால், அக்கா சமையலறையிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ரோட்டைத் தாண்ட என் கையைப் பிடிக்கிறாருடி. பேத்தியைத் தூக்க மாட்டேங்கிறாரு, கீழ போட்டுடுவாராம். டாக்டர் ஒண்ணுமில்லைன்னாலும் நம்பல."

சீ, இப்படி ஒரு பிழைப்பா! கழுகுக்கண்ணி நேரே கூடத்துக்குப் போனாள்.

"அத்தான், அன்னிக்குத் தகட்டை மாத்தி மாட்டினது நான். அடுத்த நாளே தெரியும். பயந்துபோய் மறைச்சுட்டேன். நாளைக்கு மேலாளர்கிட்டயும் சொல்லிடறேன்."

"அடிப்பாவி!" என்றாள் பின்னால் வந்த அக்கா.

அத்தான் அவளையே பார்த்தார். "அப்ப... என் கண்ணு நல்லாத்தான் இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு, அத்தான்."

அவர் முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வந்து சொன்னியேம்மா, நீ நல்லா இருக்கணும்."

திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.