அண்ணி பிரித்துப் போட்ட சைக்கிள்

நெமிலிச்சேரியில் இருக்கும் அம்மா வீட்டுக்குள் நான் நுழைந்தபோது, பின்புறச் சிமெண்டுத் தரையில் செய்தித்தாளை விரித்து என் சைக்கிளைப் பிரித்துப் போட்டிருந்தார் அண்ணி. முன்சக்கரம் சுவரில் சாய்ந்திருந்தது. பள்ளத்தில் அமுங்கி எழ வேண்டிய முன் ஃபோர்க், தனித்தனிக் குழாய்களாகவும் ஸ்பிரிங்குகளாகவும் கறுத்த கிரீஸோடு கிடந்தது. பத்தாம் வகுப்பு முடித்ததற்கு அப்பா வாங்கித் தந்த மவுண்டன் பைக் அது. கல்யாணமாகிப் பூந்தமல்லிக்குப் போனபோது விட்டுவிட்டுப் போனேன். மழையில் நின்று நின்று ஃபோர்க் இறுகிப்போனதை நான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனாலும் அன்று அதை இன்னொருத்தி கையில் பார்த்ததும் வயிறு எரிந்தது.

அண்ணி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் கடைசல் லேத் ஓட்டுகிறவர். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் மிக்ஸி மக்கர் செய்தாலும் குழாய் ஒழுகினாலும் அம்மா கூப்பிடுவது அவரைத்தான். எனக்கு ஃபோன் செய்தால்கூடப் பாதி நேரம் அண்ணி புராணம். அன்றும் அப்படித்தான். "இதுக்கு கடையில சாமானே கெடைக்கலியாம். தேஞ்சுபோன புஷ்ஷுக்கு பதிலா வேலை செய்ற எடத்துல நைலான்ல கடைஞ்சி எட்தாந்துகீதுடி" என்றாள் அம்மா, அவளே கடைந்த மாதிரி.

அண்ணி நிமிர்ந்து, "வாம்மா. ஸ்பிரிங்கு நல்லாத்தான் கீது, புஷ்ஷுதான் பூட்ச்சி" என்று சிரித்தார். நான்கு வெள்ளை நைலான் வளையங்களை ஒவ்வொன்றாகக் குழாய்க்குள் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி உட்கார வைத்தார். அத்தனை வருடம் அதை ஓட்டிய எனக்கு, அதற்குள் இப்படி ஒரு வளையம் இருப்பதே தெரியாது.

மாலைக்குள் எல்லாவற்றையும் மாட்டி முடித்துவிட்டார். கைப்பிடியை அழுத்தினால் சத்தமில்லாமல் அமுங்கி எழுந்தது. "நல்லா பண்ணிட்டீங்க அண்ணி. நான் எடுத்துட்டுப் போறேன், என்னுதுதானே" என்றேன். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணி முந்திக்கொண்டு, "ஆமா, உன்னுதுதான். எட்துகினு போ" என்றார். முகம் கொஞ்சமாவது வாடுகிறதா என்று பார்த்தேன். வாடவில்லை. வெளிவட்டச் சாலை ஓரமாகவே பூந்தமல்லி வரை ஓட்டி வந்தேன். புதிதாக வாங்கியபோதுகூட அந்தச் சைக்கிள் அப்படி ஓடியதில்லை. பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் கையில் அதிர்வே இல்லாதது எனக்கு எரிச்சலாக இருந்தது.

மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டிருந்த எங்கள் பக்கத்துச் சாலையில் இரண்டு நாள் ஓட்டியிருப்பேன். பிறகு அது மாடிப்படிக்கு அடியில் நின்றது. ஒரு மாதம் கழித்து அண்ணன் வேறு எதற்கோ ஃபோன் செய்தான். பேச்சுவாக்கில், அண்ணியின் கால் வலிக்குத் தைலம் வாங்கப் போவதாகச் சொன்னான். முதல் ஷிப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் ஷேர் ஆட்டோ கிடைக்காதாம். ஸ்டேஷனுக்கு நடந்து போய், எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்றுவிட்டு, மறுபடியும் நடந்து வருகிறாராம். "அதுக்குத்தான் அந்த சைக்கிள ரெடி பண்ணுச்சு. உன்னாண்ட சொல்ல வேணான்னுச்சு" என்றான். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. அவர் கேட்டிருந்தால் நான் மறுத்திருப்பேன். அந்த வாய்ப்பைக்கூட அவர் எனக்குத் தரவில்லை.

அடுத்த ஞாயிறு சைக்கிளை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். "இங்கயே இருக்கட்டும் அண்ணி, எனக்கு ஓட்ட நேரமில்ல" என்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன், அந்தச் சொல் மட்டும் வாயில் வரவில்லை. அண்ணி கைப்பிடியை இரண்டு தடவை அழுத்தி, குனிந்து காதை வைத்துக் கேட்டார். "மண்ணு பூந்துகீது. கயட்டித் தொட்ச்சி வெக்கிறேன்" என்றவர், சற்றுத் தயங்கி, "நீ திரும்ப எடுக்கிற வரிக்கும் நான் ஓட்டிக்கட்டா?" என்று கேட்டார்.

நான்கு வருடமாக அது அண்ணியிடம்தான் இருக்கிறது. ஃபோர்க்கில் மண் புகாமல் தடுக்கும் சீல் மாற்றியிருக்கிறார், பிரேக் மாற்றியிருக்கிறார். நான் போகும்போதெல்லாம், "உன் சைக்கிள் சூப்பரா ஓடுதும்மா" என்கிறார். ஒரே ஒரு தடவை வாய் தவறியாவது 'என் சைக்கிள்' என்று சொல்லிவிட மாட்டாரா என்று காத்திருக்கிறேன். அவரோடு சண்டை போட எனக்கு வேறு காரணமே கிடைக்கவில்லை.