ஒண்ணுமில்லவே

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் வியாதி விஷயத்தில் மேல்படிப்பு உண்டு. தச்சநல்லூர் வாழைக்காய் மண்டியில் தார் இறக்கும்போது நெஞ்சு ஒரு தரம் கூடுதலாகத் துடித்தால் போதும், என் கருமாதிப் பந்தியில் யார் யார் உட்காருவார்கள் என்பது வரை யோசித்துவிடுவேன்.

எங்கள் தெரு டாக்டர் என்னைப் பார்த்ததுமே சிரிப்பார். “என்னவே, இன்னைக்கு எங்கன?” மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்ப்பார். பிறகு, “ஒண்ணுமில்லவே. பைய வீட்டுக்குப் போம்” என்பார். மாத்திரை கிடையாது. அந்த ஒரு வார்த்தை ஒரு மாதம் தாங்கும்.

அப்படிப்பட்ட மனிதரைத் தேர்தலில் நிறுத்தினார்கள். நானும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன், தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே. ஜெயித்துவிட்டார். அதோடு விட்டார்களா, டெல்லியில் சுகாதார மந்திரியும் ஆக்கிவிட்டார்கள். தெருவெல்லாம் வெடி. ஒவ்வொரு வெடிக்கும் என் நெஞ்சு எகிறியது. கையைப் பிடித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

வேறு டாக்டரிடம் போனேன். டெஸ்ட் எல்லாம் எடுத்துவிட்டு, “நார்மல்” என்றார். நார்மல் வேறு, ஒண்ணுமில்ல வேறு. அது படித்தவர்களுக்குப் புரியாது.

மந்திரி ஊருக்கு வந்தபோது மனுக் கொடுக்கிறவர்கள் வரிசையில் போய் நின்றேன். உதவியாளர் பையன் கையை நீட்டினான்.

“மனு எங்க அண்ணாச்சி?”

“மனு இல்ல தம்பி. ஒண்ணுமில்லன்னு அவரு வாயால சொல்லணும்.”

“ஒண்ணுமில்லன்னா எதுக்கு நிக்கீங்க?”

பின்னால் நின்ற நாங்குநேரிக்காரர் குறுக்கிட்டார். “அவரை விடுடே. ஒண்ணுமில்லாம வந்திருக்காரு, கொடுத்து வச்சவரு. நான் எங்க ஊரு குளத்துக்கு மடை கேட்டு நாயா அலையுதேன்.”

என் முறை வந்தது. சால்வைக் குவியலுக்கு நடுவே டாக்டர். மணிக்கட்டை மேலே திருப்பி நீட்டினேன். அவர் அதைப் பிடித்துக் குலுக்கினார். போட்டோ எடுத்தார்கள்.

“ஐயா, நெஞ்சு படபடன்னு அடிக்கு.”

முகத்தைக் கனிவாக வைத்துக்கொண்டு, “ஆவன செய்றேன்” என்றார்.

மடை கேட்டவருக்கும் அதையேதான் சொன்னார். அவர் துள்ளிக்கொண்டு போனார். நான் வீடு வரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். செய்வதற்கு ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

“எல்லாருக்கும் சொல்லுத வார்த்தைதானங்க அது?” என்றாள் என் மனைவி.

“எல்லாருக்குமா நெஞ்சு அடிக்கு?”

அதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் கிடையாது. மழைக்காலத்தில் ஏதோ ஒரு காய்ச்சல் பரவியது. டிவியில் நிருபர்கள் மந்திரியைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். “பயப்பட ஒண்ணுமில்ல” என்றார்.

அவ்வளவுதான், தெருவே பயந்துவிட்டது. “மந்திரியே ஒண்ணுமில்லங்காருன்னா ஏதோ பெருசா இருக்குலே” என்று மருந்துக்கடையை மொய்த்தார்கள். நான் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் பாயை விரித்தேன்.

“நல்லா இருக்கே!” என்றாள் மனைவி. “அவரு யாரு கையைப் பிடிச்சுப் பாத்துச் சொன்னாரு?”

யார் கையையும் பிடிக்கவில்லைதான். ஆனால் சொல்லும்போது காமிராவைப் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் கவனித்தேன்.